மலையா, வரலாறா, பாதையா: யுன்னானின் காட்சிகள் பற்றிய ஒரு மீளாய்வு

குன்மிங் நகரின் மேற்கு விளிம்பில், தியன்சி ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது தாகுவான் மாடம். அதன் வாயிலின் இருபுறமும் 180 எழுத்துகள் கொண்ட ஓர் இணைவாசகம் தொங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில், அரசுப் பதவி எதுவும் வகிக்காத சுன் ரான்வெங் என்ற அறிஞர் எழுதியது. முதல் 90 எழுத்துகள் ஏரியையும் நான்கு திசை மலைகளையும் நாணலையும் நெல்வயலையும் வருணிக்கின்றன. மற்ற 90 எழுத்துகள் ஹான், தாங், சொங், யுவான் எனப் பேரரசுகள் இந்த நிலத்தோடு கொண்ட உறவை வரிசையாகச் சொல்லி, அவற்றின் வெற்றிச் சின்னங்கள் சிதைந்துபோனதைக் காட்டி முடிகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் தலைமை ஆளுநராக இருந்த ருவான் யுவானுக்கு இது உறுத்தியது. பேரரசின் பெருமையைக் குறைக்கும் இடங்களை மாற்றி எழுதினார். உள்ளூரார் அதை ஏற்கவில்லை. பின்னாளில் பழைய வாசகமே திரும்ப வந்தது.

ஒரு மாகாணத்தின் அழகில் நிலத்துக்கு எவ்வளவு பங்கு, அதன்மீது நடந்தவற்றுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி அன்றே அங்கே இருந்தது. சீனாவின் தென்மேற்கில், மியன்மார், லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளை ஒட்டி ஏறத்தாழ 3,94,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரியும் யுன்னான், இன்று அந்நாட்டின் பெரும் சுற்றுலா மாகாணங்களில் ஒன்று. லிஜியாங் பழைய நகரம் (1997), மூன்று இணை நதிகள் (2003), தென்சீனக் கார்ஸ்ட்டின் பகுதியாகிய ஷிலின் கல்காடு (2007), செங்ஜியாங் புதைபடிமங்கள் (2012), ஹோங்ஹ ஹானி படிவயல்கள் (2013), ஜிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் (2023) என யுனெஸ்கோ பட்டியலில் அதன் இடங்கள் பல. இந்தச் செழுமைக்கு என்ன காரணம் என்பதற்குப் பல விடைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை நன்றாக விளக்குகிறது; ஒவ்வொன்றும் ஓரிடத்தில் சறுக்குகிறது.

நிலமே காரணம் என்போர்

மிகப் பழைய விடை இது. நவீனப் புவியியல் வருமுன்னரே, மிங் காலப் பயணி ஷூ சியாகே இதற்கு அடிப்படை போட்டார். 1630களின் இறுதியில் யுன்னானுக்கு வந்து, குகைகளை உள்ளே இறங்கி அளந்தார். ஆறுகளைத் தொடர்ந்து நடந்து, யாங்சியின் மூலக் கிளை மின் ஆறு என்ற மரபுக் கருத்தை மறுத்து, சின்ஷா ஆறுதான் என்று வாதிட்டார். அவருடைய நாட்குறிப்புகளில் எஞ்சியவற்றில் யுன்னான் பகுதிக்குப் பெரிய இடம் உண்டு. காட்சியை ரசிப்பதும் அதன் காரணத்தைத் தேடுவதும் அவரிடம் ஒரே செயலாக இருந்தன.

இன்றைய புவியியல் சொல்லும் கதை இன்னும் வலுவானது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியதில் திபெத்தியப் பீடபூமி உயர்ந்தது. அதன் தென்கிழக்கு மூலையில் நிலம் நெருக்குண்டு வடக்கு தெற்காக மடிந்தது. அந்த மடிப்புகளின் பள்ளங்களில் நூ (சால்வீன்), லான்சாங் (மேகோங்), சின்ஷா (யாங்சியின் மேற்பகுதி) ஆகிய மூன்றும் 170 கிலோமீட்டருக்கு மேல் அருகருகே ஓடுகின்றன. நூவும் லான்சாங்கும் மிக நெருங்கும் இடத்தில் இடைவெளி 19 கிலோமீட்டருக்கும் குறைவு. பிறகு ஒன்று அந்தமான் கடலையும், ஒன்று தென்சீனக் கடலையும், ஒன்று கிழக்குச் சீனக் கடலையும் சேர்கின்றன. மாகாணத்தின் உச்சி காவாகெபோ, 6,740 மீட்டர். தாழ்ந்த இடம் வியட்நாம் எல்லையில் ஹெகோவு, 76 மீட்டர். பனியாறும் ரப்பர் தோட்டமும் ஒரே மாகாணத்தில் இருப்பதற்கும், சீனாவின் தாவர இனங்களில் ஏறத்தாழப் பாதி இங்கே இருப்பதற்கும் இந்த ஏற்ற இறக்கமே அடிப்படை.

வானிலையும் இதே கணக்குதான். குன்மிங்கை நித்திய வசந்தத்தின் நகரம் என்பார்கள். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் கோடையின் வெக்கையைத் தணிக்கிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று, பீடபூமியின் விளிம்பில் ஏற முடியாமல் குன்மிங்குக்கும் குய்யாங்குக்கும் இடையே தேங்கி நின்றுவிடுகிறது. அதனால் அண்டை மாகாணத் தலைநகரான குய்யாங்கில் வாரக்கணக்கில் மூட்டம், குன்மிங்கில் வெயில். தாலியின் காற்றுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. மேற்கே 4,122 மீட்டர் உயரம் வரை எழும் சாங்ஷான் மலைத்தொடர், தெற்கு முனையில் ஷியர் ஆறு வெளியேறும் இடத்தில் ஒரு வாயில்போல் பிளந்திருக்கிறது. தென்மேற்குக் காற்று அந்த இடுக்கில் புகுந்து வேகம் பிடித்து ஷியாகுவான் ஊரில் அறைகிறது. காற்று, மலர், பனி, நிலவு எனத் தாலியின் புகழ்பெற்ற நான்கு அழகுகளில் ஷியாகுவானின் காற்று முதலாவதாகச் சொல்லப்படுகிறது.

இந்த விளக்கம் தடுமாறும் இடம் ஒப்பீடு. ஷிலினின் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதே வகைப் பாறை குய்சோவிலும் குவாங்ஷியிலும் பரந்து கிடக்கிறது. ஆனாலும் மூன்று மாகாணங்களின் சுற்றுலாவும் மூன்று விதமாக, மூன்று வேறு காலங்களில் வளர்ந்தன. நூ பள்ளத்தாக்கு ஆழத்திலும் அழகிலும் சின்ஷாவுக்குக் குறைந்ததில்லை. வந்தவர்களின் எண்ணிக்கையிலோ நெடுங்காலம் வெகு பின்னால் இருந்தது.

இன்னொரு சிக்கல், இயற்கை என்று நாம் பார்ப்பதிலேயே மனிதக் கை கலந்திருப்பது. சின்ஷாவின் வறண்ட சூடான சரிவுகளில் மண்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளி, அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த செடி. தொங்சுவானின் செம்மண் நிலம் புகைப்படக்காரர்கள் தேடிப்போகும் இடம்: உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் பச்சை, மஞ்சள் வயல்களுக்கு நடுவே உழுது போட்ட இரும்புச்சத்து மண் ரத்தச் சிவப்பில் விரிகிறது. அந்த மண் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதற்கு மலை மொட்டையாக இருப்பதும் ஒரு காரணம். 18ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கின் நாணயச் சாலைக்குச் செம்பு போனது இந்த வட்டாரத்திலிருந்துதான். செம்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். அருகிலுள்ள ஜியாங்ஜியா ஓடையில் மண்சரிவுகளைப் பதிவுசெய்ய ஓர் ஆய்வு நிலையமே இயங்குகிறது. அங்கே காட்சியும் காயமும் ஒரே நிலத்தில் இருக்கின்றன.

பேரரசின் விளிம்பு

வரலாற்றாய்வாளர்களின் விடை வேறு திசையிலிருந்து வருகிறது. யுன்னானை மற்ற சீன மாகாணங்களிலிருந்து பிரிப்பது அதன் உயரத்தைவிட அது சீனாவாக ஆன காலம் என்பது அவர்கள் வாதம். 8ஆம் நூற்றாண்டில் தாலி வட்டாரத்தில் எழுந்த நான்ஜாவ் அரசு, 751இலும் 754இலும் தாங் படைகளை முறியடித்தது. அதற்குப் பின் 937 முதல் 1253 வரை தாலி அரசு. 1253இல் குப்லாய் சின்ஷாவைத் தோல் மிதவைகளில் கடந்து வந்த பிறகே இந்த நிலம் நிலையாக வடக்கோடு இணைந்தது. அதன் பிறகுதான் மையம் தாலியிலிருந்து குன்மிங்குக்கு நகர்ந்தது.

இந்தப் பார்வையை அண்மைக் காலத்தில் விரிவாக எடுத்துவைத்தவர்களில் ஒருவர் வரலாற்றாய்வாளர் பின் யாங். யுன்னானை பெய்ஜிங்கின் ஓரமாகப் பார்க்காமல், வங்காளம், பர்மா, திபெத், சீனம் ஆகியவை சந்தித்த ஒரு நடுவிடமாகப் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்கு வலுவான சான்று சோழி. கடலே இல்லாத இந்த மலைநாட்டில் 17ஆம் நூற்றாண்டு வரை சோழி காசாகப் புழங்கியது. அவற்றில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுக்கப்பட்டு வங்காள விரிகுடா வழியாக மலையேறி வந்தது. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டு தாலியின் மூன்று கோபுரங்களையும் ஷிஷுவாங்பன்னாவின் தேரவாதக் கோயில்களையும் பார்த்தால், அவை சீனத்தின் விசித்திரமான விளிம்புச் சரக்குகளாகத் தோன்றா. வேறொரு உலகத்தின் நடுப்பகுதியாகத் தோன்றும்.

1381இல் மிங் படைகள் நுழைந்தன. படைவீரர்கள் குடும்பத்தோடு குடியேற்றப்பட்டு, மலைகளுக்கிடையே உள்ள சமவெளிகளில் நிலம் பெற்றார்கள். பாட்ஸி என்று அங்கே அழைக்கப்படும் இந்தச் சமவெளிகள் மாகாணப் பரப்பில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான்; நகரங்களும் நெல்லும் சாலைகளும் அவற்றிலேயே குவிந்தன. அந்தப் போரில் தியன்சிக் கரையின் குன்யாங்கைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சிறுவன் பிடிபட்டு, அரண்மனைப் பணிக்கு அனுப்பப்பட்டான். பின்னாளில் கடற்படைத் தளபதியாகி, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டை இலங்கையின் காலியில் நிறுவிய செங் ஹ அவர்தான். மலைநாட்டின் ஒரு படையெடுப்பு இவ்வளவு தொலைவுக்கு நீண்டது.

பேரரசு நேரடியாக ஆள முடியாத இடங்களில் உள்ளூர்த் தலைவர்களுக்குப் பட்டம் கொடுத்து ஆளவிட்டது. லிஜியாங்கில் மு குடும்பம் அப்படி ஆண்டது. 1639இல் ஷூ சியாகேயை விருந்தினராக வரவேற்றவர் அக்குடும்பத்தின் மு செங். நாசி, ஹான், பாய், திபெத்திய மக்களின் கைவினைகள் ஒன்றோடொன்று கலந்த அந்நகரின் வீடுகளும் சுவரோவியங்களும் இந்த இடைநிலை ஆட்சியின் விளைவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1723இல் மு குடும்பத்தின் ஆட்சியுரிமை முடிவுக்கு வந்தது.

இந்த விடையின் குறை, அது விளக்குவதைவிட அதிகமாக விளக்குவதாக நினைப்பது. மிங் காவல் ஊர்கள் யுன்னானில் பல. பயணிகள் தேடிப்போவது சிலவற்றையே. மேலும், வரலாற்றில் எது காட்சிக்கு வைக்கப்படுகிறது என்பது வரலாறு தானாக முடிவுசெய்வதில்லை. 1856 முதல் 1873 வரை தாலியைத் தலைநகராகக் கொண்டு து வென்ஷியு நடத்திய முஸ்லிம் கிளர்ச்சியும், அது ஒடுக்கப்பட்டபோது நடந்த பேரழிவும் அந்நகரின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வுகள். காற்றும் மலரும் பனியும் நிலவும் காண வருபவர் காதில் அந்தக் கதை விழுவது அரிது.

மலை ஏறியவர்கள்

மேற்சொன்ன இரண்டையும் தலைகீழாக்கியது அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட்டின் வாதம். மலைவாழ் மக்கள் பின்தங்கி மலையில் எஞ்சியவர்கள் அல்லர். வரிக்கும் படைச்சேவைக்கும் தப்பி, அரசை வேண்டாமென்று மேலே ஏறியவர்கள் என்று 2009இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னார். இந்த மலைநிலப் பரப்புக்கு அவர் கைக்கொண்ட ஸோமியா என்ற பெயரை 2002இல் முன்வைத்தவர் வில்லெம் வான் ஷெண்டல். இந்தப் பார்வையில் யுன்னானின் பண்பாட்டுப் பன்மை நிலம் தந்த கொடையும் இல்லை, பேரரசு தந்ததும் இல்லை. மக்கள் எடுத்த அரசியல் முடிவின் விளைவு.

சுற்றுலா விளம்பரங்கள் மலைமக்களைக் காலத்தில் உறைந்தவர்களாகக் காட்டுவதற்கு இது நல்ல மாற்று மருந்து. ஆனால் யுன்னானுக்கு இதை முழுதாகப் பொருத்துவது கடினம். நான்ஜாவும் தாலியும் மலைநாட்டிலேயே எழுந்த அரசுகள். படிவயல் என்பது தலைமுறைகளை நிலத்தோடு கட்டிப்போடும் முதலீடு. தப்பியோடத் தயாராக இருப்பவர் செய்யும் விவசாயம் அன்று. விக்டர் லீபர்மன் போன்றோர் 2010இல் இந்த வாதத்தின் சான்றுகளை விரிவாகக் கேள்விக்குட்படுத்தினார்கள். எல்லைப்புறம் பற்றிய பாட்டர்சன் கியர்ஷின் ஆய்வும், மலையும் அரசும் ஒன்றையொன்று தவிர்த்ததைக் காட்டிலும் பேரம் பேசியதையே அதிகம் காட்டுகிறது. ஸ்காட்டின் கேள்வி தங்கிவிட்டது. விடை முழுதாக நிற்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

பார்வை கட்டிய ஊர்கள்

நான்காவது விடை சுற்றுலாச் சமூகவியலிலிருந்து வந்தது. 1990இல் ஜான் அரி எழுதிய நூலுக்குப் பிறகு, காட்சி என்பது பார்க்கும் முறையால் உருவாவது என்ற கருத்து பரவியது. யுன்னான் இதற்கு ஆய்வுக்கூடம் போலவே அமைந்துவிட்டது.

சீனர்கள் இந்த மாகாணத்தைத் திரைப்படங்களின் வழியாகவே முதலில் கண்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1959இல் தாலியில் எடுக்கப்பட்ட ‘ஐந்து தங்க மலர்கள்’, 1964இல் வந்த, ஷிலினில் நடக்கும் சானி மக்களின் கதையான ‘அஷிமா’ ஆகிய இரண்டும் பாட்டும் வண்ண உடையுமாக ஒரு யுன்னானை நாட்டின் மனத்தில் பதித்தன. ஷிலினின் ஒரு பாறை இன்றும் அஷிமாவாகவே நிற்கிறது. பயணிகள் அதன் முன் வரிசையில் நின்று படமெடுக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடர் தாலியின் ஃபெங்யாங்யி கிராமத்தை ஒரே மாதத்தில் கூட்டம் பிதுங்கும் இடமாக்கியபோது, இந்த முறை இன்னும் வலுவாக இருப்பது தெரிந்தது.

பெரிய எடுத்துக்காட்டு ஷாங்ரி-லா. தாவரவியலாளர் ஜோசஃப் ராக் 1920களிலும் 30களிலும் லிஜியாங்கைத் தளமாகக் கொண்டு நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் எழுதினார். 1933இல் ஜேம்ஸ் ஹில்டன் ‘லாஸ்ட் ஹொரைசன்’ நாவலை வெளியிட்டார். ராக்கின் கட்டுரைகள் அதற்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது பரவலான ஊகம், உறுதியான சான்று குறைவு. 1998இல் யாங்சிப் பெருவெள்ளத்துக்குப் பின் மேல்நிலக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. மரத்தை நம்பியிருந்த மாவட்டங்களின் வருவாய் ஒரே நாளில் நின்றது. வேறு வழி தேடிய இடங்கள், கற்பனை நாவலின் ஊர் தாங்கள்தான் என்று போட்டியிட்டன. 2001 டிசம்பரில் சோங்தியன் மாவட்டத்துக்கு ஷாங்ரி-லா என்ற பெயர் அரசு ஒப்புதலோடு கிடைத்தது. ஓஷில் கோலாஸ், பென் ஹில்மன் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பெயர் மாற்றத்தின் விளைவுகளை அருகிலிருந்து கவனித்தார்கள். அவர்கள் காட்டுவது எளிய ஏமாற்றுக் கதை அன்று. திபெத்திய உள்ளூர்த் தலைவர்களும் மடாலயமும் அந்தப் புதிய பெயருக்குள் தங்கள் மொழிக்கும் கட்டடக் கலைக்கும் ஓர் இடத்தைப் பேரம்பேசிப் பெற்றார்கள். 2014 ஜனவரியில் பழைய பகுதியான துகெசோங் பெருமளவில் தீக்கிரையானபோது, மரவீடுகளை நெருக்கமான விடுதிகளாக மாற்றியதன் ஆபத்தும் பேசப்பட்டது.

லிஜியாங்கின் பாதை இன்னும் விந்தையானது. 1996 பிப்ரவரி 3ஆம் நாள் நிலநடுக்கத்தில் அந்த வட்டாரத்தில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரச்சட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்தன; புதிய கான்கிரீட் கட்டடங்களைவிடப் பழையவற்றைப் பேண வேண்டும் என்ற முடிவு வலுப்பட்டது. மறு ஆண்டே உலக மரபுரிமைப் பட்டம். அதன்பின் வாடகை ஏறியது. நாசிக் குடும்பங்கள் வீட்டை வெளியூர் வணிகர்களிடம் விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. கருநாகக் குளத்திலிருந்து வாய்க்கால்கள் மூன்றாகப் பிரிந்து தெருவெல்லாம் ஓடுவது அப்படியே இருக்கிறது. அதில் காய்கறி கழுவியவர்கள்தான் அங்கே இல்லை.

பார்வை வாதம் கைவிடும் இடம் காவாகெபோ. திபெத்தியர்களுக்கு அது தெய்வம். அவர்கள் அதைச் சுற்றி வலம் வருவார்கள். 1991 ஜனவரியில் உச்சிக்குச் செல்ல முயன்ற சீன ஜப்பானியக் குழுவின் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையேற்றம் வேண்டாம் என்று உள்ளூர் மக்கள் ஏற்கெனவே எதிர்த்திருந்தார்கள். பின்னாளில் ஏறுவது தடைசெய்யப்பட்டது. இன்றுவரை யாரும் அந்த உச்சியில் காலடி வைத்ததில்லை. ஃபெய்லாய் கோயில் அருகே விடியலில் காத்திருக்கும் பயணியின் பார்வை அந்த மலையை உருவாக்கவில்லை. அந்தப் பயணி பார்ப்பது, வேறொருவர் காத்துவைத்ததை.

பாதை என்னும் இடைநிலை

இந்த நான்கு விடைகளுக்கும் நடுவே, போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு: வழித்தடம். நிலம் எத்தனையோ காட்சிகளைத் தருகிறது. வரலாறு எத்தனையோ தடயங்களை விட்டுவைக்கிறது. அவற்றில் எது சுற்றுலாத்தலம் ஆனது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது எந்தப் பாதை எப்போது திறந்தது, எப்போது கைவிடப்பட்டது என்பதே என்று கருத இடமிருக்கிறது.

பூஅர் தேயிலையை வட்டமாக அழுத்தி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, திபெத்துக்குக் கொண்டுபோன தடங்களின் ஓரத்தில் வளர்ந்தவைதான் லிஜியாங்கும் ஷிஜோவும் ஷாஷியும். அவற்றைத் தேயிலைக் குதிரைப் பாதை என்ற ஒரே பெயரில் சேர்த்தவர்கள் 1990ஆம் ஆண்டு வாக்கில் அவ்வழியே நடந்த யுன்னான் ஆய்வாளர்கள் சிலர். இன்று அந்தப் பெயர் இல்லாத விளம்பரப் பலகையே கிடையாது. ஷாஷியின் சந்தைச் சதுக்கம் முழுமையாக எஞ்சியதற்குக் காரணம், மோட்டார் சாலை வேறு வழியே போய் அந்த ஊரை மறந்துவிட்டதுதான். பாதையால் செழித்தது, பாதை விலகியதால் தப்பியது. 2000களில் சுவிஸ் நிபுணர்களின் துணையோடு நடந்த சீரமைப்புக்கு அந்த மறதிதான் மூலப்பொருள் கொடுத்தது.

1910இல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைஃபோங்கிலிருந்து குன்மிங் வரை மீட்டர் அகலத் தண்டவாளத்தை இட்டு முடித்தார்கள். சீனாவின் மற்ற பகுதிகளோடு ரயில் இணைப்பு 1966இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டு காலம் இந்த மாகாணத்தின் ரயில் வெளிநாட்டுக்கு மட்டுமே போனது. உள்ளூர் வழக்கில் யுன்னானின் 18 வினோதங்களில் அதுவும் ஒன்று. 1938இல் பர்மா சாலை, ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர், குன்மிங்கிலிருந்து லாஷியோ வரை. ஆண்கள் போருக்குப் போய்விட, பெண்களும் முதியவர்களும் சிறுவர்களுமாக இரண்டு லட்சம் பேர் வரை கூடையும் மண்வெட்டியும் கொண்டு அதை அமைத்தார்கள். அதே ஆண்டு ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி வந்த மூன்று பல்கலைக்கழகங்கள் குன்மிங்கில் ஒன்றாகி 1946 வரை இயங்கின. அங்கே தங்கிய அறிஞர்களும் எழுத்தாளர்களும் ஊர் திரும்பிய பின் எழுதியவை, நாட்டின் நடுப்பகுதிக்கு யுன்னானை அறிமுகப்படுத்தின.

2016 இறுதியில் அதிவேக ரயில், 2021 டிசம்பரில் லாவோஸ் ரயில், 2023 நவம்பரில் லிஜியாங்கிலிருந்து ஷாங்ரி-லாவுக்கு ரயில் என்று இந்த வரிசை தொடர்கிறது.

வழித்தட விளக்கத்துக்கும் ஓட்டை உண்டு. ரயில் நிற்கும் ஊரெல்லாம் தலமாகிவிடவில்லை. போக முடிவதால் மட்டும் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிடாது. அந்த ஆசைக்கு நாவலும் திரைப்படமும் தேவைப்படுகின்றன. இன்னொன்று, பாதையைத் திறக்கும் அதே பொறியியல் அணையையும் கட்டும். லான்சாங்கில் 1990களில் மான்வானில் தொடங்கி, 292 மீட்டர் உயர ஷியாவ்வான் உட்பட அணைகள் அடுக்கடுக்காக எழுந்தன. சின்ஷாவின் புலிப்பாய்ச்சல் பள்ளத்தாக்கில் திட்டமிட்ட அணை எதிர்ப்புக்குப் பின் 2007 இறுதியில் கைவிடப்பட்டது. நூவில் 13 அணைகளுக்கான திட்டம் 2004இல் நிறுத்தப்பட்டது. காட்சிக்குக் காரணமான அதே செங்குத்து வீழ்ச்சிதான் மின்சாரத்துக்கும் காரணம் என்பதால், இந்த மோதல் தற்செயலானது இல்லை.

காட்சியைப் பேணுபவர்கள்

எல்லா விடைகளிலும் ஒரு பொதுக் குறையைக் காண்கிறேன். காட்சியை முடிந்துபோன பொருளாக, நிலமோ பேரரசோ பார்வையோ செய்துவைத்த ஒன்றாக அவை எடுத்துக்கொள்கின்றன. யுன்னானின் சிறந்த காட்சிகள் சில அப்படிப்பட்டவை அல்ல. யாரோ ஒருவர் இந்த ஆண்டும் வேலை செய்தால்தான் அவை அடுத்த ஆண்டு இருக்கும்.

யுவான்யாங்கின் ஹானி படிவயல்களை எடுத்துக்கொள்வோம். மரபுரிமைப் பரப்பு 16,603 ஹெக்டேர். வரலாறு 1,300 ஆண்டுகள் என்கிறது யுனெஸ்கோ ஆவணம். மேலே காடு, அதன் கீழே ஊர், ஊருக்குக் கீழே வயல், அடியில் ஆறு. ஆற்றின் ஈரம் மூடுபனியாக ஏறிக் காட்டில் தங்கி, ஊற்றாகி, வாய்க்காலில் இறங்குகிறது. வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள்; அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஒரு குடும்பத்தின் அல்லது ஓர் ஊரின் தண்ணீர்ப் பங்கு. அதைக் காக்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஊர் ஓர் ஆளை அமர்த்தி, கூலியாக நெல் கொடுக்கும். அறுவடைக்குப் பின் வரப்பு வெடித்துவிடாமலிருக்க வயலில் குளிர்காலம் முழுதும் தண்ணீர் நிறுத்துவார்கள். புகைப்படக்காரர்கள் தேடிவரும் அந்தக் கண்ணாடி அடுக்கு, வரப்பைக் காப்பாற்ற நிறுத்திய நீர்.

இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டால் அந்த நீரை நிறுத்த ஆளிருக்காது. அதே மாவட்டத்தின் அஜகே என்ற சிறு ஊரில் 2018இல், சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தின் பாவ் ஜிகாங் குழு ஒரு முறையைத் தொடங்கியது. சுற்றுலா வருவாயில் 30 விழுக்காடு ஊர் நிறுவனத்துக்கு, 70 குடும்பங்களுக்கு. குடும்பங்களின் பங்கும் கண்மூடிப் பகிரப்படுவதில்லை: 40 பங்கு மரபு வீட்டைப் பேணியதற்கு, 30 படிவயலைப் பயிரிட்டதற்கு, 20 ஊரில் குடியிருப்பதற்கு, 10 ஊர்ப் பதிவுக்கு. காட்சியை உழைப்பாகக் கணக்கிட்டு விலை வைத்த அரிய முயற்சி இது. எத்தனை ஊர்களுக்கு இது பொருந்தும், வெளியார் துணை நின்ற பின் தானே ஓடுமா என்பதற்கு இன்னும் சான்று போதாது.

தாலியின் எர்ஹாய் ஏரியில் கணக்கு எதிர்ப்பக்கமிருந்து வந்தது. பாசிப் பெருக்கத்தால் நீர் கெட்டபோது, 2017இல் கரையோர விடுதிகளும் உணவகங்களும் ஏறத்தாழ இரண்டாயிரம் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு, உரம் அதிகம் கேட்கும் பூண்டுப் பயிரும் ஏரி வடிநிலத்தில் தடைசெய்யப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர, ஏரியைச் சுற்றி 129 கிலோமீட்டர் பசுமைத் தடம் வந்தது. நீர் தெளிந்திருக்கிறது, சைக்கிளில் வருபவர்கள் அதை ரசிக்கிறார்கள். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பூண்டு போட்டவர்களும் வீட்டை விட்டவர்களும்தான். இது நியாயமான பங்கீடா என்று கேட்காத எந்த ஆய்வும் முழுமையாகாது.

தீராதவை

இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு. நிலம் எல்லையை வகுக்கிறது. அதை மறுக்கும் எந்த வாதமும் நிற்காது. வரலாறு அந்த எல்லைக்குள் எது எஞ்ச வேண்டும் என்பதில் பங்கெடுக்கிறது. பார்வை எதற்கு விலை என்பதைத் தீர்மானிக்கிறது. இவற்றை இணைக்கும் கண்ணியாக வழித்தடத்தை முன்வைப்பது பயனுள்ளது என்பது என் கணிப்பு. ஆனால் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே நிறுக்கும் ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. பெரும்பாலானவை லிஜியாங், தாலி, ஷாங்ரி-லா என்ற வடமேற்கு முக்கோணத்திலேயே சுற்றுகின்றன. வடகிழக்கின் ஜாவ்தோங்கும் தென்கிழக்கின் வென்ஷானும் ஏன் பின்தங்கின என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைக்காது. காவாகெபோவின் மிங்யோங் பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நிலம் மாறாதது என்ற அடிப்படையே இதனால் ஆட்டம் காண்கிறது.

வரும் ஆண்டுகளில் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் நூ பள்ளத்தாக்கு. அண்மைக்காலம் வரை கம்பிக் கயிற்றில் கொக்கியைத் தொங்கவிட்டு, மூட்டையும் ஆடும் குழந்தையுமாக ஆற்றைக் கடந்தவர்கள் அங்கே உண்டு. கயிறுகளுக்குப் பதில் பாலங்கள் வந்தன. 2020 வாக்கில் லியூகுவிலிருந்து பிங்சோங்லுவோ நோக்கி ஆற்றோரமாகச் சாலை அகலமானது. பாறை அதுதான், ஆழம் அதுதான், லிசுவும் நூவும் துலோங்கும் திபெத்தியரும் கலந்து வாழும் வரலாறும் அதுதான். புதிதாக வந்தது பாதை ஒன்றே. அதன் பின் அங்கே வருவோர் தொகையும், தங்குவோர் காலமும், விடுதிகளின் உரிமையாளர் யார் என்பதும் ஆண்டுதோறும் பதிவானால், மேலே கண்ட விடைகளில் எதற்கு எவ்வளவு கனம் என்பதை முதல்முறையாக ஓரளவு அளந்து பார்க்க முடியும்.